செங்கல் நிறம் செங்கல் நிறமாகவே தெரிய: கண்டாங்கிச் சேலைகளுக்காக ஒரு பழைய கேமரா வாங்கிய கதை

திரும்பி வந்தது செங்கல் நிறக் கண்டாங்கி. கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் அகலக் கரை. அக்கா பார்சலைப் பிரித்துச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு, போனில் தான் அனுப்பியிருந்த படத்தையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போட்டோல தக்காளி மாதிரில்லடா தம்பி இருக்கு. அந்தப் பிள்ளை கேக்குறது நியாயந்தானே? நானா இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்."

அந்த மாதத்தில் அது மூன்றாவது. அக்கா காரைக்குடிப் பக்கம் நான்கு நெசவாளர் வீடுகளிலிருந்து சேலை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள். ஒரு சேலை திரும்பி வந்தால் கூரியர் செலவு இரண்டு மடங்கு. கஞ்சி போட்ட பருத்திச் சேலையை ஒருமுறை பிரித்துவிட்டால் பழைய மடிப்பு வராது, அதைப் புதுச்சேலை என்று இன்னொருவருக்கு அனுப்ப அவளுக்கு மனம் வராது. கண்டாங்கிக்கு நிறம்தான் உயிர். கடுகு மஞ்சள், செங்கல், அரக்கு, கறுப்பு, இலைப்பச்சை என்று அழுத்தமான நிறங்களைக் கட்டத்துக்குக் கட்டம் மோதவிட்டு நெய்வதால்தான் பத்தடி தூரத்திலிருந்தே அது கண்டாங்கி என்று தெரிகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. அந்த நிறத்தைப் படம் பொய்யாகச் சொன்னால், நெய்தவர் சாயக்காரரிடம் நின்று பொறுக்கி எடுத்த பாடு வீண்.

அதனால் ஒரு கேமரா வாங்குவது என்று முடிவெடுத்தோம். வாங்கியதையும், அதன்பின் ஒவ்வொன்றாகத் தப்புப் போனதையும், எதை எப்படிச் சரிசெய்தேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். துணி விற்கும் யாருக்காவது உதவும்.

முதலில் போன் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்த்தேன். அதே செங்கல் சேலையை மூன்று விதமாக எடுத்தேன்: படம் முழுக்கச் சேலை, பாதி சேலை பாதி வெள்ளைச் சுவர், சேலைக்குப் பக்கத்தில் கறுப்புக் குடை. மூன்று படத்திலும் மூன்று செங்கல். போன் தானாக இரண்டு தீர்மானம் எடுக்கிறது. ஒன்று, வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். செங்கல் என்பது உண்மையில் இருண்ட ஆரஞ்சு, அதை வெளுக்கவைத்தால் தக்காளிதான். இரண்டாவது, வெளிச்சத்தின் நிறம் என்ன என்பது. படம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால், அது துணியின் நிறமா விளக்கின் நிறமா என்று போனுக்குத் தெரியாது. ஒரு குத்துமதிப்பாகத் திருத்தும். இதற்கு மேல், பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று நிறத்தைக் கூட்டி வேறு வைக்கும்.

ஆக எங்களுக்கு வேண்டியவை நான்குதான். வெளிச்சத்தை நானே வைக்க வேண்டும், ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கான திருத்தத்தை, நானே வைக்க வேண்டும், ரா கோப்பு வேண்டும், சேலையின் ஓரங்களை வளைக்காத லென்ஸ் வேண்டும். இதில் முதல் மூன்றும் சில போன்களிலேயே 'புரோ' என்ற பகுதியில் இருக்கின்றன. உங்கள் போனில் இருந்தால் கேமராவே வாங்க வேண்டாம், கீழே வெளிச்சம் பற்றி எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள். அக்காவின் போனில் அது இல்லை.

ரா என்றால், கேமராவின் சென்சார் பார்த்ததை அப்படியே எழுதி வைக்கும் கோப்பு. ஜேபெக் என்பது கேமராவே சமைத்து, சுருக்கி, பரிமாறிய சாப்பாடு, அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டும். 12 பிட் ரா கோப்பில் 4096 படிகள். உப்பு கூடிப்போன குழம்பைத் திருத்துவதற்கும், அரிசி பருப்பிலிருந்து நாமே சமைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. துணியின் நிறத்தைச் சரிசெய்யும்போது இந்தப் படிகள்தான் கைகொடுக்கும்.

"புது போன்ல அறுபத்துநாலு எம்.பி.ன்னு போட்டிருக்கானே, அதை வாங்குனா என்ன?" என்று அக்கா கேட்டாள். மெகாபிக்சல் எண்ணிக்கை எங்கள் வேலைக்குப் பெரிய பொருட்டே இல்லை. ஆறுக்கு நாலு அங்குலப் படம் அச்சிட 1800-க்கு 1200 பிக்சல் போதும், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே. பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. சின்ன ஜூம் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்-சி என்ற சென்சார் நிகானில் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பில் சுமார் 13 மடங்கு. வாய் அகலமான அண்டாவில் மழைநீர் நிறையப் பிடிபடுவது போல, வெளிச்சம் அதில் நிறையப் பிடிபடும், இருண்ட நிறங்களில் புள்ளி தட்டாது. அரக்கும் கறுப்பும் எங்கள் பிழைப்பு என்பதால் இது முக்கியம்.

கையில் இருந்தது பதினெட்டாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்குப் புதிதாக உருப்படியானது கிடைக்காது என்பதால், மதுரையில் பழைய கேமரா விற்கும் கடைகளுக்குப் போனோம். முதல் கடையில் காட்டியதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பிடித்துவிட்டது, கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. லென்ஸின் பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள். பூஞ்சை. கடைக்காரர் தூசி என்றார். தூசி புள்ளியாக இருக்கும், கிளை விடாது. ஈரக்காற்றில் பையிலேயே கிடந்த லென்ஸில் இது வரும், மெல்ல மெல்ல கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அங்கிருந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் நிகான் டி3300 ஒன்று இருந்தது. 2014-ல் வந்த மாடல், 24 மெகாபிக்சல், கூடவே 18-55 மில்லிமீட்டர் சின்ன ஜூம் லென்ஸ். வெளியே ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருந்தது, அதைப் பற்றிக் கவலையில்லை. நான் பார்த்தவை இவை. லென்ஸை மூடிவைத்து ஒரு நொடி படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தால் பழுதான பிக்சல்கள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ மினுங்கும். இதில் ஒன்றே ஒன்று. அடுத்து, எஃப் 22 வைத்து (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சுருங்கும்) வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். நான்கைந்து இருந்தன, ஊதுகுழலுக்குப் போய்விடும் வகை. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தேன். கடைசியாக, ஒரு படத்தை மடிக்கணினிக்கு மாற்றி எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். நிகான் கேமராக்கள் இதுவரை ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்பதைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். 21 ஆயிரத்துச் சொச்சம். இந்த மாடலின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. வண்டி வாங்கும்போது கிலோமீட்டர் பார்க்கிற மாதிரிதான், பார்க்காமல் வாங்கக் கூடாது.

16,500-க்கு முடிந்தது. இன்னும் நாலாயிரம் போட்டால் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றும் தருகிறேன் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றோம். சேலை ஓடப் போவதில்லை. இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: டி3300 மாதிரியான கேமரா உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மோட்டார் லென்ஸில் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய லென்ஸை வாங்கினால் கையால்தான் திருக வேண்டியிருக்கும். மீதிப் பணத்தில் ஆட்டம் இல்லாத முக்காலி ஒன்று வாங்கினோம். இந்த வேலைக்குக் கேமராவைவிட முக்காலிதான் அவசியம் என்று இப்போது சொல்வேன்.

படம் எடுக்க அக்கா வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டின் வளவுதான் இடம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். வடக்கு பார்த்து நின்றால் வருடத்தின் பெரும்பகுதி நேர் வெயில் விழாமல் வானத்தின் வெளிச்சம் மட்டும் சீராக வரும். இரண்டு தூணுக்கு நடுவே மூங்கில் கழி கட்டி அதில் சேலையைத் தொங்கவிட்டோம். சமையல்கட்டு டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன், ஏனென்றால் முதல் இரண்டு படத்தில் சேலையின் வலது ஓரம் மட்டும் பச்சை தட்டியது. இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் எந்த மென்பொருளாலும் பிரித்தெடுப்பது கஷ்டம்.

அதன்பிறகும் ஒரு குறை. சேலையின் மேல்பாதி சரி, கீழே போகப் போகச் செம்மை ஏறியது. கடுகு மஞ்சள் சேலையில் கரைக்குப் பக்கத்தில் மாம்பழ நிறம். லென்ஸைத் துடைத்தேன், இடம் மாற்றினேன், அரை நாள் போனது. சாயங்காலம் அக்காவின் மகள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் வெள்ளை நோட்டின் அடிப்பக்கம் ரோஜா நிறமாகத் தெரிந்தது. தரை! ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டும் வண்ணமும் ஊற்றி வார்ப்பதால் அந்தக் கல்லின் முகம் வழவழவென்று இருக்கும், தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து இன்னும் மெருகு ஏறியிருக்கும். அதன் சிவப்பும் பச்சையும் வெளிச்சத்தோடு எழும்பி சேலையின் கீழ்ப்பாதியில் விழுந்துகொண்டிருந்தன. அத்தனை வருடம் அந்தத் தரையில் நடந்திருக்கிறேன், அது வெளிச்சம் வீசும் என்று எனக்குத் தோன்றியதில்லை. எட்டு முழ வேட்டி இரண்டை விரித்ததும் சரியாகிவிட்டது. பக்கத்தில் பச்சைச் சுவரோ நீலக் கதவோ இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ். வெளிச்சத்தின் நிறம் என்ன என்று கேமராவுக்குச் சொல்ல, நிறமே இல்லாத ஒரு பொருளைப் படத்துக்குள் வைத்து, 'இதுதான் நடுநிலை' என்று பின்னால் மென்பொருளில் காட்டிவிட வேண்டும். இதற்கென்று சாம்பல் அட்டை விற்கிறார்கள். நான் சிக்கனமாக ஏ4 தாள் ஒன்றைச் சேலைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எல்லாச் சேலையும் லேசாக மஞ்சள் பூசினாற்போல் வந்தன. மூன்று நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. தாள் வெள்ளையாகத் தெரிய ஆலையிலேயே ஒரு வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும் பொருள் அது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் கிட்டத்தட்ட இதே ஏமாற்றுக்குத்தான், நீலம் கொஞ்சம் கூடினால் கண்ணுக்கு வெள்ளையாகப் படும். தாளின் நீலத்தை நடுநிலை என்று நான் சொன்னதும், மென்பொருள் நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கூட்டிவிட்டது.

தீர்வு குழாய்க்காரரின் பையில் இருந்தது. குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப். அதில் அந்த மினுக்கு மருந்து எதுவும் இல்லை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பும். ஒரு சுருளை வாங்கி, சின்ன அட்டையில் பத்துப் பதினைந்து அடுக்கு, அட்டை தெரியாத அளவுக்குச் சுற்றினேன். தீப்பெட்டி அளவுதான். கழியில் கிளிப் போட்டுச் சேலையோடு மாட்டிவிடுகிறோம், பின்னால் படத்தை வெட்டும்போது அது போய்விடும். ஒரே கவனம்: டேப் மிகவும் வெள்ளையாக இருப்பதால், வெளிச்சம் கூடினால் முதலில் வெளுத்துப் போவது அதுதான். வெளுத்துப்போன இடத்தில் நிறத் தகவல் இருக்காது, அதைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் செய்தால் மறுபடியும் தப்பு.

இனி, நான் அதிகம் தூக்கம் கெட்ட விஷயம்.

நிறம் சரியானதும் முதல் நாள் இருபது சேலை எடுத்தோம். இரவு கணினியில் பார்த்தால், கட்டம் நெருக்கமான சேலைகளில் எல்லாம் வானவில் மாதிரி அலைகள். துணியில் இல்லாத வளைவுக் கோடுகள், ஊதாவும் பச்சையுமாக. இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் நடுவே அலை ஓடுமே, அது. மொய்ரே என்பார்கள். முதலில் கேமரா பழுது என்றே நினைத்தேன்.

பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்தேன். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கியபோது ஆறேழு சேலையில் அலை மறைந்துவிட்டது. அதாவது படத்தில் குறையில்லை, திரையில் சுருக்கிக் காட்டும்போது மட்டும் வருகிறது. மீதியில் நூறு சதவீதத்திலும் இருந்தது. அது எடுக்கும்போதே விழுந்தது.

இழை எண்ணும் கண்ணாடியை நெசவாளர் வீட்டிலிருந்து வாங்கி வந்து துணியின் மேல் வைத்து எண்ணினேன். அந்தச் சேலையில் அங்குலத்துக்கு 64 பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை. அதாவது ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் சுமார் 0.4 மில்லிமீட்டர். நான் எடுத்த படத்தில் அகலம் 1.8 மீட்டர், அதை 6000 பிக்சலால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.3 மில்லிமீட்டர். இழையும் இடைவெளியும் தனித்தனியாகப் பதிய ஓர் இழைக்கு இரண்டு பிக்சலாவது வேண்டும், எனக்குக் கிடைத்தது ஒன்றேகால் சொச்சம். சென்சாருக்கும் ஒரு நெசவு உண்டு, அதில் பிக்சல்கள் பச்சை, சிவப்பு, நீலம் என்று கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கும், பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். துணியின் நெசவும் சென்சாரின் நெசவும் ஒன்றோடொன்று உரசியதுதான் அந்த வானவில்.

பல கேமராக்களில் இதைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் படத்தை மயிரிழை அளவுக்கு மழுப்பும் வடிகட்டி ஒன்று இருக்கும். டி3300-ல் அது இல்லை, கூர்மைக்காக எடுத்துவிட்டார்கள். இதற்கு முந்தைய டி3200-ல் உண்டு. மலையும் மரமும் எடுப்பவருக்கு வடிகட்டி இல்லாதது நல்லது. துணி எடுப்பவர் வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஷட்டர் எண்ணிக்கை வரை பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

கேமராவை மாற்ற வழியில்லை. ஆனால் லென்ஸின் துளையைச் சுருக்கினால் ஒளி வளைந்து தானாகவே கொஞ்சம் மழுங்கும். படம் எடுப்பவர்கள் அதைக் குறை என்பார்கள். எனக்கு அது மருந்து. அதே சேலையை எஃப் 5.6, 8, 11, 16 என்று நான்காக எடுத்தேன். 5.6-ல் அலை துள்ளியது. 8-ல் உற்றுப் பார்த்தால் தெரிந்தது. 11-ல் தேட வேண்டியிருந்தது. 16-ல் இல்லவே இல்லை, கட்டத்தின் ஓரங்களோ கெட்டுப்போகவில்லை. அன்றிலிருந்து முழுச் சேலைக்கு எஃப் 16. இழையைக் காட்டும் நெருக்கப் படத்துக்குக் கேமராவை 60 சென்டிமீட்டர் அகலம் மட்டும் தெரியும்படி கிட்டக் கொண்டுபோகிறேன், ஓர் இழைக்கு நான்கு பிக்சல் கிடைக்கிறது, அங்கே எஃப் 8 போதும்.

துளை சுருங்கினால் வெளிச்சம் குறையும். வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.-வை 100-ல் வைத்தால், தாழ்வார வெளிச்சத்துக்கு அரை நொடி வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் முக்காலி, இரண்டு நொடி டைமர். மின்விசிறியை அணைத்து, சேலையின் அடிமடிப்புக்குள் இன்னொரு மூங்கில் கழியைச் செருகிப் பாரம் கொடுத்தோம், இல்லாவிட்டால் முந்தி ஆடி மங்கிப்போகிறது.

மென்பொருளுக்கு வருகிறேன். மாதச் சந்தா கட்டும் மென்பொருள் வேண்டாம் என்பதில் அக்கா உறுதியாக இருந்தாள், இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. ரா கோப்பைத் திறந்து நிறம் திருத்த டார்க்டேபிள், வெட்டி ஒட்டும் வேலை இருந்தால் கிம்ப். இரண்டும் இலவசம், இரண்டும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். டார்க்டேபிள் முதல் முறை திறப்பவரை மிரட்டும். அறுபதுக்கு மேல் கருவிகள் அடுக்கியிருக்கும், பழகும் வரை எதைத் தொடுவது என்றே தெரியாது. எனக்குத் தேவைப்பட்டது நான்கோ ஐந்தோ.

ஒயிட் பேலன்ஸ் பகுதியில் சொட்டுக்குழாய்க் குறியை அழுத்தி டெஃப்லான் துண்டின் மேல் ஒரு சின்னக் கட்டம் வரைந்தால் நிறம் இடத்துக்கு வந்துவிடும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. புதிய பதிப்புகளில் இதே வேலையைச் செய்ய 'கலர் கேலிபரேஷன்' என்று இன்னொரு பகுதியும் தானாகவே இயங்கும். இரண்டிலும் திருத்தினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிறம் கெடும், சிவப்பில் எச்சரிக்கையும் வரும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அமைப்புகளுக்குள் போய் இரண்டாவதை நிறுத்திவிட்டேன். அடுத்து வெளிச்சம், சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கூட்டிக் குறைப்பேன். சிக்மாய்டு என்ற பகுதியில் கான்ட்ராஸ்டை, அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, குறைத்தே வைக்கிறேன், கூட்டினால் நிறமும் சேர்ந்து அடர்ந்துவிடுகிறது. லென்ஸ் வளைவைச் சரிசெய்ய ஒரு டிக், நேராக்கி வெட்டுவது, அவ்வளவுதான். நிறத்தைக் கூட்டும் சேச்சுரேஷன் பக்கமே போவதில்லை. ஒரே வெளிச்சத்தில் எடுத்த நாற்பது படத்தில் ஒன்றைத் திருத்தினால் போதும், அந்தத் திருத்தத்தை நகலெடுத்து மற்ற முப்பத்தொன்பதிலும் ஒட்டிவிடலாம். கேமராவில் எல்லாம் கையால் வைத்து எடுத்ததன் பலன் இங்கேதான் கிடைக்கிறது.

ஒரு நாள் இரவு பதினோரு மணிவரை உட்கார்ந்து முப்பது படத்தைத் திருத்தி வைத்தேன். காலையில் பார்த்தால் அத்தனையும் நீலம் பாய்ந்திருந்தது. மடிக்கணினியில் இரவானால் திரையை மஞ்சளாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் திரையில் சேலை மஞ்சளாகத் தெரிய, நான் அதை நீலத்தால் ஈடுகட்டியிருக்கிறேன். முப்பதையும் திரும்பச் செய்தேன். இப்போது திருத்தும் வேலை பகலில் மட்டும். போனில் சரிபார்க்கும்போதும் திரை அமைப்பை 'நேச்சுரல்' என்று மாற்றிவிட்டுத்தான் பார்க்கிறோம், 'விவிட்' வைத்தால் சாம்பல்கூட எடுப்பாகத் தெரிகிறது.

ராணி பிங்க் சேலை ஒன்று தனியாகத் தொல்லை கொடுத்தது. கேமராவின் வெளிச்ச வரைபடம் எல்லாம் சரி என்றது, படத்திலோ முந்தியின் கோடுகள் எல்லாம் ஒரே அப்பலாகத் தெரிந்தன. மொத்த வெளிச்சத்தைப் பார்க்காமல், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்ததும் தெரிந்தது, சிவப்பு மட்டும் வலது சுவரில் போய் முட்டி நிற்கிறது. வெளிச்சத்தை முக்கால் படி குறைத்து எடுத்ததும் கோடுகள் வந்தன. என்றாலும் அந்த நிறம் முழுதாக வரவில்லை. போனுக்கும் இணையத்துக்கும் பொதுவான எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற எல்லைக்கு வெளியே இருக்கும் சாயங்கள் உண்டு. அதில் கொண்டுவர முடிந்த அளவுதான் வரும். அந்தச் சேலையை அனுப்பும்போது, 'நேரில் இதைவிட அழுத்தமாக இருக்கும்' என்று அக்கா எழுதிவிடுகிறாள். அது பொய் இல்லாத வாக்கியம் என்பதால் எனக்கு நிம்மதி.

கோப்பை வெளியேற்றும்போது நீளப் பக்கம் 1600 பிக்சல், எஸ்.ஆர்.ஜி.பி., தரம் 90. வாட்ஸ்அப் எப்படியும் சுருக்கும், ஆறாயிரம் பிக்சல் படத்தை அதனிடம் கொடுத்தால் அது சுருக்கும் விதத்தில் கட்டங்களுக்குள் மறுபடியும் அலை கிளம்புகிறது. நாமே சுருக்கிக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. முக்கியமான வாடிக்கையாளருக்கு டாக்குமென்டாக அனுப்பினால் படம் மாறாமல் போய்ச் சேரும்.

கேமராவை அரிசி டப்பா மாதிரி இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறோம். அந்த மதுரைக் கடையில் பார்த்த கிளைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டில் நான்கு மாதம் ஓடியிருக்கிறது. நிறம் வேறு என்று திரும்பி வந்தது ஒன்று, அதுவும் மயில்கழுத்து. அது எங்களுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. நேராக நின்று பார்த்தால் ஒரு நிறம், மடிப்பு திரும்பினால் இன்னொன்று. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் ஒரு பாதிதான் விழுகிறது. கழியை ஜன்னல் பக்கம் சாய்த்து ஒன்று, எதிர்ப்பக்கம் சாய்த்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்து, ஒயிட் பேலன்ஸ் மாறாமல் இரண்டையும் சேர்த்து அனுப்பினோம். போன வாரம் சேலத்திலிருந்து ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சேலையும் நல்லாருக்கு, எது விலை கம்மி?" என்று கேட்டிருந்தார்.

அக்கா அந்தச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வளவுக்கு நடுவே போய் நின்றாள். "நான் மெதுவா ஒரு சுத்து சுத்துறேன், நீ வீடியோ எடுடா" என்றாள்.